ஈரம் காயட்டும்

ஆபரேஷன் மேஜையில் ஒரு வயிறு காத்திருந்தது. மருந்துப் புட்டி அதன்மேல் பழுப்பு மருந்தைப் பூசி முடித்து நிமிர்வதற்குள் கத்தி வந்து நின்றது.

"நகருங்கக்கா, நான் கீறணும்."

"ஈரம் காயட்டும். காயக் காயத்தான் கிருமி சாகும்," என்றது புட்டி.

"நகப்பூச்சா போட்டிருக்கீங்க, ஊதி ஊதிக் காயவைக்க?"

"போன தடவையும் இப்படித்தான் பறந்தே. தையல் சீழ் பிடிச்சு மறுபடி பிரிச்சாங்க. பழியை ஊசி மேல போட்டுட்டு நீ பளபளன்னு படுத்திருந்தே."

கத்தி காதில் வாங்காமல் குனிந்தது. அப்போது ஈரத் தோலிலிருந்து கிருமிகளின் குரல் கேட்டது. "வாங்கண்ணே, சீக்கிரம் கதவைத் திறங்க. உள்ளே போயிட்டா பிழைச்சுக்குவோம்."

தன் அவசரத்துக்கு யாரெல்லாம் ஆதரவு என்று கத்திக்கு அன்றுதான் தெரிந்தது. நிமிர்ந்து ஓரமாக நின்றது. மருந்தின் மினுமினுப்பு மெல்ல மங்கியது. குரல்கள் இருமின, தேய்ந்தன, அடங்கின.

"அண்ணனைக் கூப்பிட்டீங்களே, இப்ப கூப்பிடுங்க பார்ப்போம்," என்றது கத்தி.

கத்தி ஒரே கோடாகக் கீறியது.

தையல் பிரித்த அன்று சீழ் என்ற பேச்சே இல்லை. "இன்னுமா கஞ்சி? தோசை எங்கே?" என்று வயிறு அதட்டியது.