இரண்டாவது தலையணை

மாதா கோயில் பங்குச்சாமி சூசைமாணிக்கத்துக்கு மாற்றல் வந்ததும், அந்தக் கடற்கரை ஊர் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புவதுபோல் சீர் வைத்துவிட்டது. குத்துவிளக்கு, குடம், டம்ளர் எல்லாம் இரண்டிரண்டு. மெத்தைமேல் ரோஜாப்பூ போட்ட தலையணையும் இரண்டு.

"சாமியாருக்கு எதுக்கும்மா ரெண்டு?" என்று பதறினார்.

"சீர்ல ஒத்தையா வைக்கப்பிடாது சாமி. எங்க வீட்டுப் பிள்ளை போற இடத்துல நல்லா இருக்காண்டாமா?" என்று மூக்கைச் சிந்தினாள் திரேசம்மாள். ஆறு வருஷமாக அவருக்குச் சமைத்துப் போட்டவள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

வேனில் வழியெல்லாம் அந்த இரண்டாவது தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடத்துக்கும் டம்ளருக்கும் சாக்குச் சொல்லலாம், தலையணைக்கு என்ன சொல்ல? முதல் நாளே புது ஊர் வாயில் விழ வேண்டுமா? வேன் நின்றதும் அதை அங்கிக்குள் திணித்துக்கொண்டு இறங்கினார். எட்டு மாதக் கர்ப்பிணியைப்போல் இடுப்பில் கைவைத்துக் கோயில் வாசலில் நடந்து வந்தவரை ஊரே வாயைப் பிளந்து பார்த்தது.

அன்றைக்கு அங்கிருந்து மாறிப்போகிறவர் வியாகுலம் சாமி, குருமடத்தில் கூடப் படித்தவர். வயிற்றை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"ரெண்டாவது தலாணியாடே?"

சூசைமாணிக்கம் தலையாட்டினார்.

வியாகுலம் விழுந்து விழுந்து சிரித்தபடி, தன் சாமான் ஏறிய லாரியின் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். அஞ்சு ஊர், அஞ்சு தலையணை, ஒன்றுக்கும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. அந்தப் பக்கம் இந்த ஊர்ப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆறாவதை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.