முதல் லொறி

"விழுந்தா லொறி ஆர்ர கணக்கு, சேர்?" என்று கேட்டான் லொறிச் சாரதி பற்றிக்.

அரசாங்க ஓவசியர் கனகசிங்கம், பாலம் கட்டிய கொந்தராத்துக்காரர் ஹமீட்டைப் பார்த்தார். ஹமீட் ஓவசியரைப் பார்த்தார். பிறகு இருவரும் பாலத்தைப் பார்த்தார்கள்.

வாவிக்குக் குறுக்கே புதுப் பாலம். இரும்பும் பிளானும் அரசாங்கத்தின் பங்கு. பலகையும் கூலியும் இரு கரை மண் அணையும் ஹமீட்டின் பங்கு. ஓவசியர் பாலத்தைப் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்கும்வரை எது உடைந்தாலும் ஹமீட் கட்டிக் கொடுக்கவேண்டும். வைத்த பிறகு அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். ஒப்பந்தம் அப்படி.

உன்னிச்சைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நாளைக்கு ஓவசியர் மகளின் கலியாணத்துக்காக லீவில் போகிறார். அவர் திரும்புவதற்குள் மாரி வந்து அணையை அள்ளிக்கொண்டு போனால், ஹமீட் மரம் விற்கும் தன் மரக்காலையை விற்றுத்தான் மறுபடி கட்டவேண்டும். கையெழுத்து இன்றைக்கே வேண்டும்.

பாரம் ஏற்றிய லொறி ஒன்று பாலத்தில் ஓடிக் காட்டாமல் ஓவசியர் பேனையைத் திறக்கமாட்டார். ஹமீட்டின் லொறி அச்சு முறிந்து ஏறாவூரில் கிடந்தது. அதனால்தான் தேநீர்க்கடை வாசலில் நெல் மூட்டைகளோடு நின்ற இந்த லொறியைப் பிடித்து வந்திருந்தார்.

"என்ன விட்டிருங்க, சேர்" என்றான் பற்றிக். முகம் வேர்த்திருந்தது. "அருமைநாயகம் போடியார்ர லொறி. அவர்ர வயல் நெல்லு மில்லுக்குப் போகவேணும். பாலத்தில ஏறின எண்டு தெரிஞ்சா என்ட லைசனும் போயிரும்."

"நான்தானே ஏறச் சொல்றன். ஆர் லைசன் பறிக்கிற?" என்றார் ஓவசியர்.

"பயப்பிடாத தம்பி. விழாது" என்றார் ஹமீட்.

"அப்ப நீங்களும் ஏறுங்க, ஹமீட்."

ஹமீட் தொண்டையைச் செருமினார். "இஞ்ச பாருங்க ஓவசியர் ஐயா. இரும்பு வளைஞ்சா உங்கட. பலகை முறிஞ்சா என்ட. நியாயந்தானே?"

"இரும்பு வளைஞ்சு, அதால பலகை முறிஞ்சா?"

"உங்கட."

"பலகை முறிஞ்சு, லொறி விழுந்து, அதால இரும்பு வளைஞ்சா?"

ஹமீட் கொஞ்சம் யோசித்தார். "அது விழக்குள்ள பாத்துக்கொள்ளலாம்."

"ஆர் பாக்கிற?"

"லொறிக்குள்ள இரிக்கிற ஆள்."

"நான் ஏறமாட்டன். மகள்ற கலியாணம் கிடக்கு."

"எனக்கு நாலு மகள்மார் கிடக்கு."

"எனக்கு ஒருத்தருமில்ல" என்றான் பற்றிக். "நான் தனியப் போறன். கெதியாப் போய்க் கெதியா வந்திருவன். நீங்க ரெண்டு பேரும் இஞ்சயே நில்லுங்க, சேர்."

ஓவசியர் தலையை ஆட்டினார். "நீ அக்கரையில நிண்டு கை காட்டுவாய். நடுவுல என்ன சத்தம் கேட்ட எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்ப ரெண்டு பேரும் ஏறுவம்" என்றார் ஹமீட். "பாதிப் பாதி."

லொறியடிக்குப் போனதும் அடுத்த தகராறு. கதவுப் பக்கம் யார் இருப்பது? குதிப்பதென்றால் கதவு வேண்டும். கடைசியில் அதையும் பிரித்தார்கள். பாதிப் பாலம் வரைக்கும் ஓவசியர் கதவுப் பக்கம். மிச்சப் பாதிக்கு ஹமீட்.

பாலத்தின் வாயில் தடுப்புக் கம்பு கட்டியிருந்தது. அந்த முடிச்சை அவிழ்க்க ஹமீட்டுக்கே நேரம் பிடிக்கும். பற்றிக் ஒரே இழுவையில் அவிழ்த்தான்.

லொறி ஏறியது. பலகைகள் முனகின. ஓவசியர் கண்ணை மூடிக்கொண்டார். ஹமீட்டின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. பற்றிக் ஓர் இடத்தில் இடப்பக்கம் ஒதுங்கினான், இன்னோர் இடத்தில் கியரை மாற்றினான். பாதியில் நிறுத்தினான்.

"மாறுங்க" என்றான்.

ஓவசியர் அசையவில்லை.

"இனி என்ட பாதி, ஐயா" என்றார் ஹமீட்.

"நிப்பாட்டி நிண்டா பாரம் கூடும். ஓடு தம்பி, ஓடு."

"இது ஒப்பந்தமில்ல."

"ஒப்பந்தம் கரையில பேசுவம்."

கீழே ஏதோ டக்கென்றது. ஹமீட் ஓவசியரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஓவசியர் அதை உதறவில்லை. அக்கரை மண் லொறிச் சில்லில் பட்ட பிறகுதான் இருவரும் கையை விட்டார்கள்.

மழை தூறத் தொடங்கியிருந்தது. இறங்க மனமில்லாமல் லொறிக்குள் இருந்தபடியே ஓவசியர் பேனையைத் திறந்தார். முழங்காலில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஹமீட் அதை வாங்கி, ஊதிக் காயவைத்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்து, பையை இரண்டு தரம் தட்டினார்.

"இனி மாரி வரட்டும்" என்றார்.

"நல்ல கை, தம்பி" என்று ஓவசியர் பற்றிக்கின் தோளில் தட்டினார். "புதுப் பாலம், முழுப் பாரம். பழகின ரோட்டில போறமாதிரி வந்தாய். முதல் லொறி உன்ட லொறிதான் எண்டு நான் மேலிடத்துக்கும் எழுதுவன்."

"எழுத வேணாம், சேர். திரும்பிப் போவமா?" பற்றிக் பின்பக்கம் பார்த்து கியரைப் போட்டான்.

அதற்குள் அந்தக் கரை வயல் பக்கமிருந்து குடையும் கையுமாக ஒருவர் வேகமாக வந்து சாரதிப் பக்கக் கதவைத் தட்டினார். அருமைநாயகம் போடியார். உள்ளே வேறு யார் இருக்கிறார்கள் என்று குடை அவருக்குக் காட்டவில்லை.

"என்னடா பற்றிக், ஒரு கிழமையா ஒருத்தரும் எழும்பமுதல் இந்தப் பாலத்தால ஒழுங்காத்தானே மில்லுக்குப் போறாய். இண்டைக்கு விடிய அனுப்பின நெல்லை ஏன் திருப்பிக் கொண்டுவந்திரிக்கிறாய்?"