மாதிரி வகுப்பு

ஜாடி உடைந்த சத்தம் கேட்டபோது அவன் கரும்பலகையில் தவளைக்கு நாலாவது காலைப் போட்டுக்கொண்டிருந்தான்.

திரும்பினான்.

ஜன்னலுக்குக் கீழே தண்ணீர், கண்ணாடிச் சில்லு. ஈரத்தில் தலைப்பிரட்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன. காலையில் கண்மாயில் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கி, அவனே பிடித்து வந்தவை.

மூன்றாம் வகுப்பு முழுவதும் பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தது.

ஜன்னல் பக்கம் நின்றது ஒரே ஒரு பையன். முகுந்தன்.

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளை விட்டுவிட்டு அவனையே பார்த்தார். மாதிரி வகுப்பு என்றால் அப்படித்தான். பாடம் நடத்துகிறவனுக்குத்தான் பரீட்சை.

இதில் தேறினால் வேலை. தேறாவிட்டால் திங்கட்கிழமை கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு பழையபடி கோர்ட்டுக்குப் போய்விடுவதாக மனைவி கோமதியிடம் வாக்குக் கொடுத்திருந்தான். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வாத்தியாராகப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்று அவள் சண்டை போடவில்லை. கோட்டைச் சலவைக்குப் போட்டு வாங்கி அலமாரியில் மாட்டி வைத்தாள். சண்டை போட்டிருந்தால் தேவலை.

சாட்சிகளை மடக்குவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று ஊரில் பேச்சு. கூண்டில் நிற்கிறவர்களின் முகம் தொங்கிப்போவதைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பெயரே அவனுக்குக் கசந்துவிட்டது.

யாரப்பா உடைத்தது என்று பொதுவாகக் கேட்டிருக்கலாம். அவன் அப்படிக் கேட்கவில்லை.

எதற்கு எழுந்தாய் என்று முகுந்தனைக் கேட்டான். தண்ணீர் குடிக்க என்றான் பையன்.

தண்ணீர் பாட்டில் எங்கே இருக்கிறது?

பையில்.

பை?

பெஞ்சுக்கு அடியில்.

அப்படியானால் ஜன்னலுக்கு எதற்குப் போனாய்?

பையன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான்.

அவன் குரலை உயர்த்தவே இல்லை. கோர்ட்டிலும் உயர்த்தியதில்லை. கேள்விகள் தானாக வந்தன. சின்னச் சின்னதாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நழுவ இடம் கொடுக்காமல் வந்தன. உடம்பெல்லாம் பழைய சுகம் ஒன்று பரவியது. வெட்கமாகவும் இருந்தது. நிறுத்த முடியவில்லை.

“நீ பொய் சொல்ற.”

கோர்ட்டில் இது சம்பிரதாயம். சாமியே கூண்டில் வந்து நின்றாலும், குறுக்கு விசாரணையை முடிக்கும்போது நீர் பொய் சொல்கிறீர் என்று சொல்லிவிட்டுத்தான் வக்கீல் உட்கார வேண்டும். விட்டுவிட்டால் சாட்சி சொன்னதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சாட்சியும் சரியல்ல என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இறங்கிப் போய் டீ குடிப்பார். யாரும் அதை மனதில் வைத்துக்கொள்வதில்லை.

முகுந்தனுக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்கு எட்டு வயது.

பையன் சாரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். அங்கே துள்ளல் குறைந்துகொண்டு வந்தது.

“நாந்தான் சார். நாந்தான் ஒடச்சேன்,” என்றான் அவசரமாக. “இப்பம் அதுகள எடுத்துத் தண்ணில விடட்டா?”



காற்று அடித்தது. கொக்கி போடாத ஜன்னல் கதவு உள்பக்கமாக வீசி, ஜாடி இருந்த இடத்தைத் தாண்டி, திரும்பிப் போனது.

அவன் பார்த்தான். தலைமையாசிரியையும் பார்த்தார்.

ஜாடியை அந்த ஜன்னல் திண்டில் வைத்தது அவனேதான்.

பையன் இன்னும் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அழுகை வந்துவிடும் போலிருந்தது, பையனுக்கு அல்ல, அவனுக்கு. செருப்புக்காலால் சில்லுகளை ஓரம் தள்ளினான். ஈரத்தில் மண்டி போட்டான். யாரோ ஒரு பிள்ளை சாப்பாட்டு டப்பாவில் தண்ணீர் ஊற்றி நீட்டியது. ஒவ்வொன்றாக, உள்ளங்கையில் ஏந்தி, அதில் விட்டான். சில நீந்தின. சில மிதந்தன.

நீ உடைக்கவில்லை, ஜன்னல் கதவுதான், நான்தான் கவனிக்கவில்லை என்று முகுந்தனிடம் சொன்னான்.

பையனுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. டப்பாவுக்குள் தேடிக்கொண்டிருந்தான். பின்னங்கால் முளைத்த ஒன்று இருந்தது, அதைக் காணோம் என்றான். அதைப் பார்க்கத்தான் எழுந்து போனானாம். பாடம் நடக்கும்போது எழுந்தால் திட்டு விழும் என்று தண்ணீர் குடிக்க என்று சொன்னானாம்.

ஜன்னலோரம் இருந்த பீரோவுக்கு அடியில் ஏதோ அசைந்தது.

அவன் கன்னம் தரையில் பட அப்படியே குனிந்து, கையை உள்ளே விட்டான். சட்டை நனைந்தது. வழவழவென்று ஒன்று விரலில் பட்டு நழுவியது.

நேரம் முடிந்துவிட்டது என்றார் தலைமையாசிரியை.

கோர்ட்டில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஜட்ஜ் வாயைத் திறந்ததும் சட்டென்று எழுந்து நின்று பழகிய கால்கள் அவை. முட்டி தானாக ஒருமுறை நிமிரப் பார்த்தது.

அவன் எழுந்திருக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் உள்ள, சார்,” என்றான் முகுந்தன், பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு.