குட்டையின்மேல் நின்ற டவர்

நான் ஊறிக் கிடந்த குட்டையைப் பறித்தவன் இந்த டவர்தான். மண்ணடித்துத் தூர்த்துவிட்டு அதன்மேல் ஏறி நின்றான். எருமைதானே, மறந்துவிடும் என்று நினைத்தான்.

“ஊருக்கே இன்டர்நெட் தரப்போகிறேன் பெரியவரே, கொஞ்சம் பொறுங்கள்” என்றான்.

பொறுத்தேன். கோடையில் என் முதுகு பாளம் பாளமாக வெடித்தது. ஊர்ச்சனமோ இன்னும் செல்போனைத் தூக்கிக்கொண்டு பாறைமேல்தான் ஏறுகிறது.

என் முதுகில் உட்காரும் கரிச்சான் குருவி அவன் உச்சிவரை பறந்து பார்த்துவிட்டு வந்தது. “தாத்தா, இவனுக்குக் கரண்டே கொடுக்கவில்லை. வெறும் இரும்பு!”

“ஏண்டா, சும்மா நிற்கவா என் குட்டையைத் தூர்த்தாய்?” என்று டவரைக் கேட்டேன்.

“என்னை ஏன் திட்டுகிறீர்கள்? கொண்டுவந்து நிறுத்தினார்கள், மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள்.”

இன்று ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். குட்டையைத் திருப்பித் தரத்தான் வருகிறார்கள் என்று வாலை ஆட்டிக்கொண்டு போனேன். அவர்களோ, “இது சரிவராது, இன்னொரு டவர் வைப்போம்” என்று ஊரே குடிக்கும் ஊருணியை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்.

அந்தக் கோட்டின்மேல் படுத்துவிட்டேன். ஹாரன் அடிக்கிறார்கள். எருமைமேல் மழை பெய்தால் எருமைக்கென்ன? முதலில் என் குட்டை வரட்டும்.