அறுபதில் நின்ற முள்

கப்பலில் வந்திறங்கிய ஒரு கார், மைல் கணக்கில் வண்டி ஓட்டுகிற ஊருக்கு வந்து சேர்ந்தது. ஸ்பீடோமீட்டரை மாற்றித் தரவேண்டிய மெக்கானிக்குக்கு அவசரம். எண்களைத் தொடாமல், ‘கி.மீ.’ என்ற எழுத்தின் மேல் ‘மைல்’ என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டி வேலையை முடித்துவிட்டார், மகராசன்.

அன்றே நெடுஞ்சாலைப் பயணம். முள் அறுபதில் நின்றது. உண்மையில் அது அறுபது கிலோமீட்டர்தான், மைலில் சொன்னால் வெறும் முப்பத்தேழு. முள்ளுக்கு அது தெரியும். ஓட்டுகிற எட்வினுக்குத் தெரியாது. அறுபதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக விசிலடித்தார்.

“ஐயோ, பின்னால கல் லாரி வருது!” என்று பக்கக் கண்ணாடி அலறியது.

முள் கீழே முப்பத்தேழைப் பார்த்தது. “நான் முப்பத்தேழுக்கு இறங்கிடறேன். அதைப் பார்த்தா அவர் ஆக்சிலேட்டரை மிதிப்பாரு.”

“இறங்கினா, இவ்வளவு நேரம் பொய் சொன்னது நீதான்னு ஆயிடும்,” என்றது ஸ்டிக்கர். “பேசாம நில்லு.”

லாரியின் ஹாரன் காதைப் பிளந்தது.

“இறங்குடா, கிட்ட வந்துட்டான்!” என்று கண்ணாடி கத்தியது.

முள் இம்மியும் அசையவில்லை.

கடைசி நொடியில் லாரி ஒடித்து விலகி, காரை உரசிக்கொண்டு முன்னால் போனது. படாரென்று ஏதோ நொறுங்கியது.

“பாத்தியா? நம்ம வேகத்துக்குப் பயந்து ஒதுங்கி ஓடுறான்,” என்றது ஸ்டிக்கர்.

முள் பக்கவாட்டில் பார்த்தது. கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு ஒயர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“ஆமாண்ணே,” என்றது முள்.