சிரித்தபடி சொன்ன சேதி

சைகைமொழி மொழிபெயர்ப்பாளர் ரெஜினா தன் முகத்தையும் கையசைவுகளையும் ஒரு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துச் சில வருடங்களாகின்றன. இப்போது ஆஸ்பத்திரித் திரைகளில் கணினி ஆட்டுவிக்கும் அவள் உருவம்தான் காது கேளாதவர்களிடம் பேசுகிறது. அவளுக்கு அங்கே வேலை இல்லை. ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிறாள்.

அன்று கடைக்கு வந்த ஒரு பெண் அவளை உற்றுப் பார்த்துவிட்டுச் சைகையில் கேட்டாள்: "என் வீட்டுக்காரர் இறந்துட்டார்னு நீங்கதானே சொன்னீங்க? ஏன் சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க?"

ரெஜினாவுக்குப் புரிந்தது. படம்பிடித்த நாளில், புன்னகை மாறவே கூடாது என்றார்கள் நிறுவனத்தார், அவளும் தலையாட்டினாள். 'அது நான் இல்லை, மிஷின்' என்று சொல்லக் கையைத் தூக்கியவளுக்கு, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வரவில்லை.

"என் தப்புதான்க்கா, மன்னிச்சிடுங்க" என்றாள் சைகையில்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இன்னொரு தடவை சொல்லுங்க. அந்தச் சேதிய ஒழுங்கா சொல்லுங்க."

சொல்லத் தொடங்கும்போதுதான், இறந்தவர் யாரென்றே தனக்குத் தெரியாது என்பது ரெஜினாவுக்கு உறைத்தது. தலை தானாகக் கவிழ்ந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்து கேட்டாள்: "அவர் பேர் என்னக்கா?"