உட்காரச் சொல்லாத தங்கை

"உள்ளே வான்னு ஒரு வார்த்தை சொல்லலைங்க அவ!"

செருப்பைக் கழற்றி வீசிய வேகத்திலேயே அக்காக்காரியின் கோபம் தெரிந்தது. வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தார். குறைக்காவிட்டால் ரிமோட் தப்பாது.

"யாரு?"

"எல்லாம் என் கூடப் பிறந்தவதான். ரியல் எஸ்டேட் ஏஜென்ட் அம்மா! கதவைப் பாதி திறந்துட்டு, குறுக்கே நின்னுக்கிட்டு, 'என்னக்கா, சொல்லு'ங்கறா. கைமாத்து கேட்டு வந்தவகிட்டப் பேசற மாதிரி. 'அப்படியே நடந்துக்கிட்டே பேசலாம் வா'ன்னு தெருமுனை வரைக்கும் தள்ளிட்டு வந்து பஸ் ஏத்தி விட்டுட்டா."

"வீடு போட்டது போட்டபடி கிடந்திருக்கும். அதுக்கு வெட்கப்பட்டிருப்பா."

"கிடக்க அங்கே என்ன இருக்கு? அவ சின்னப் பையன் உள்ளேயிருந்து கத்தினது கணீர்னு எதிரொலிக்குது. பழைய சாமானை எல்லாம் தூக்கிக் கடாசிட்டா போல. புதுசு இறங்கப் போகுது. அதை நான் பார்த்துடக் கூடாதாம், கண்ணு பட்டுடுமாம்!"

பட்டிருக்கும். அதில் சந்தேகமே இல்லை.

போன வருஷம் இதே தங்கை இதே ஹாலில் உட்கார்ந்துதான் மூக்கைச் சிந்தினாள். ஏஜென்ட் ஆகறதுக்கான வகுப்புக்கு ஃபீஸ், பரீட்சைக்கு ஃபீஸ், கோட்டை விட்டதால் மறுபடியும் ஃபீஸ், பாஸானால் லைசென்ஸுக்கு ஃபீஸ், லைசென்ஸ் வந்தால் சங்கத்துக்குச் சந்தா. "சம்பாதிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள ஆண்டியாயிடுவேன் போலிருக்கேக்கா!"

அப்போது அக்காவுக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு ஆபீஸ் பக்கத்து ஃபிளாட்டுக்குக் குடிவந்த சமயம் அது. "அழாதேடி. என் வீட்டை நீயே வித்துக் குடு. அதுவே உனக்கு முதல் போணியா இருக்கட்டும்" என்று சாவியையும் கையில் வைத்து அழுத்தினாள்.

பிரியம் கரைய ஆரம்பித்தது, லைசென்ஸ் வந்த பிறகுதான்.

"நம்ம பழைய வீட்டு வாசல்ல போர்டு வெச்சிருக்கா பார்த்தீங்களா? ஆளுயரத்துக்கு அவ மூஞ்சி! இத்தனை வருஷம் குடியிருந்தேன், என் பேர் கூட கேட்ல கிடையாது. இவ பல்லு அத்தனையும் தெருவுக்கே தெரியுது."

"பாவம், இன்னும் ஒரு வீடு கூட விக்கலை அவ."

"இனிமே விக்கவும் வேண்டாம். வீட்டை விக்க அவளோட போட்ட ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. பெரிய கம்பெனி ஆள் ஒருத்தர், கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு வருவாரே, அவரையே வித்துத் தரச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வீட்டைப் பார்க்க வர்றார்."

வீட்டுக்காரர் டிவியையே அணைத்துவிட்டார். "இதை நம்பித்தானே இத்தனை செலவு பண்ணியிருக்கா? இதுவும் போச்சுன்னா தொழிலையே விட்டுடுவாம்மா."

"விடட்டுமே! நான் மாசச் சம்பளத்துக்குக் குப்பை கொட்டற மாதிரி அவளும் கொட்டட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பழைய வீட்டு வாசலில் வீடு பார்க்க வந்தவர்களின் கார்கள் நாலைந்து நின்றன. தங்கை மாடியில் யாருக்கோ படுக்கையறையைக் காட்டிக்கொண்டிருந்தாள். கோட்டுக்காரரோடு ஹாலுக்குள் நுழைந்த அக்காக்காரி அப்படியே நின்றுவிட்டாள்.

துடைத்து விட்டாற்போல் காலி செய்துவிட்டுப் போன ஹால். இப்போது பால் நிறத்தில் சோபா, மூலையில் விளக்கு, வெள்ளை விரிப்புப் போட்ட சாப்பாட்டு மேஜை, மேலே பூச்சாடி. அவள் இருந்தவரை அந்த வீடு இவ்வளவு அழகாக இருந்ததே இல்லை.

"பிரமாதம் மேடம்!" என்றார் கோட்டுக்காரர். "காலி வீட்டைக் காட்டினா சீக்கிரம் போணியாகாது. அதான் இப்படி சாமான் போட்டுக் காட்டறது. இதையெல்லாம் வாடகைக்கு விடவே கம்பெனி இருக்கு. ஆனா வாடகையைத் தீட்டிடுவான். நாங்கன்னா அந்தச் செலவை உங்க தலையிலதான் கட்டுவோம்."

"நேத்து லைசென்ஸ் வாங்கினவளுக்கு அவ்வளவு காசு ஏது?"

"அதானே எனக்கும் புரியலை."

புது சோபா! புது மேஜை! இதுக்குத்தான் அன்றைக்குக் கதவை மறித்துக்கொண்டு நின்றாளா? இன்றைக்கு நாலு பேருக்கு முன்னால் கேட்டுவிடுவது என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆத்திரத்தில் மேஜை விரிப்பைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

விரிப்பு நகர்ந்தது. அடியில், மரத்தில், கறுப்பாக ஒரு முக்கோணம்.

அது அவள் போட்ட தழும்பு. ஒருமுறை தங்கை வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்தவள், வம்பு பேசும் சுவாரஸ்யத்தில் அயர்ன் பாக்ஸை மேஜைமேல் அப்படியே மறந்துவிட்டாள். அன்றைக்குத் தங்கை முகம் கூடச் சுளிக்கவில்லை. "விடுக்கா, மேலே ஒரு துணியை விரிச்சாப் போச்சு" என்றாள்.

அக்காக்காரி மெல்ல எழுந்து சோபாவின் உறையை ஓரமாகத் தூக்கிப் பார்த்தாள். தங்கை வீட்டில் கிடந்த அதே பழைய பச்சை சோபா.

மாடிப்படியில் தடதடவென்று தங்கை இறங்கி ஓடி வந்தாள். "அக்கா! அவங்க சரின்னுட்டாங்க! நீ கேட்ட விலையில ஒத்தைப் பைசா குறைக்கலை!"

கோட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், விஷயத்தை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"என்ன விஷயம்க்கா?"

"ஒண்ணுமில்லைடி" என்று விரிப்பை இழுத்துச் சரி செய்தாள் அக்காக்காரி. "சார் சும்மா வேடிக்கை பார்க்க வந்தார். கிளம்பறார்."

அவர் போனதும் தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு உன்னை வாசலோடயே அனுப்பிட்டேன்னு மனசுல வெச்சுக்காதேக்கா. சாமானைத் திருப்பி எடுத்துட்டுப் போக நாளைக்கே லாரி சொல்லிடறேன். அடுத்த வாரம் வீட்டுக்கு வா. உன்னை உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி இருக்கும்."